பஜ்ஜி பொரித்த எண்ணெய் கெட்டுப்போச்சா? பள்ளி ஆய்வகத்திலேயே பார்க்கலாம்!

நாமக்கல், சேலம் பக்கம் சாயங்காலமானால் பஜ்ஜி, போண்டா கடைகளில் கூட்டம்தான். காலையில் ஊற்றிய எண்ணெயிலேயே இரவு வரை பொரிப்பதும், குறையக் குறையப் புது எண்ணெய் ஊற்றுவதும் பல கடைகளில் நடப்பதுதான். ‘கலர் நல்லாத்தானே இருக்கு’ன்னு நம்பிடலாமா?

கூடாது. கொதிக்கும் எண்ணெயில் மாவின் ஈரம் பட்டதும் கொழுப்பு உடைந்து அமிலம் பிரிகிறது. காற்று பட்டு ஆல்டிஹைடு போன்ற தீங்கான பொருட்களும் உருவாகின்றன. இப்படிச் சிதைந்த கொழுப்பின் மொத்தக் கணக்குதான் ‘மொத்த துருவச் சேர்மங்கள்’. இது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி 2018 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது.

அதை அளக்கத் தனி மீட்டர் வேண்டும். ஆனால், பிரிந்த அமிலத்தை பிளஸ் டூ மாணவர்களே கண்டுபிடித்துவிடலாம். புது எண்ணெய், ஒரு முறை பொரித்தது, ஐந்து முறை பொரித்தது என மூன்றையும் ஒரே எடையில் எடுத்து, நடுநிலையாக்கிய எத்தனாலில் கலந்து, ஃபினாப்தலீன் சில சொட்டு விட வேண்டும். பிறகு பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை, இளஞ்சிவப்பு நிறம் நிலைக்கும் வரை சொட்டுச் சொட்டாக விடணும். கரைசல் எவ்வளவு அதிகம் செலவாகிறதோ, அவ்வளவு அமிலம். எத்தனால் சட்டென்று தீப்பிடிக்கும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீங்க.

ஒன்று கவனிங்க: இந்தச் சோதனை ஆல்டிஹைடைக் காட்டாது. அமிலம் குறைவு என்பதால் எண்ணெய் நல்லது என்று ஆகிவிடாது.

தினமும் 50 லிட்டருக்கு மேல் எண்ணெயில் பொரிக்கும் நிறுவனங்கள்தான் அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும். தள்ளுவண்டிக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 25 சதவீத வரம்பு மட்டும் உண்டு. பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் ‘ரூகோ’ திட்டமும் 2018 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது.