சக்கரம் பெருத்தால் பற்சக்கரம் மாறும்

பிக்கப் டிரக்கின் பின்னச்சுக்கு நடுவே புடைத்து நிற்கும் இரும்புக் கூட்டை அமெரிக்கப் பட்டறைக்காரர்கள் பூசணிக்காய் என்றே அழைக்கின்றனர். அதற்குள் இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் கவ்வியிருக்கின்றன. கியர்பாக்ஸிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் இருக்கும் சிறியது பினியன். அதனால் சுழற்றப்பட்டுப் பின்சக்கரங்களை ஓட்டும் பெரிய வட்டம் கிரவுன். தமிழ்நாட்டு லாரிப் பட்டறைகளில் இரண்டையும் சேர்த்துக் ‘கிரவுன் பினியன்’ என்பர். கிரவுனில் 41 பல்லும் பினியனில் 11 பல்லும் இருந்தால், பினியன் 3.73 முறை சுழன்ற பிறகே சக்கரம் ஒரு சுற்றை முடிக்கும், இந்த 3.73 தான் அச்சின் பல்விகிதம். 39க்கு 11 என்றால் 3.55, 41க்கு 10 என்றால் 4.10, 41க்கு 9 என்றால் 4.56, 39க்கு 8 என்றால் 4.88 என்று வரிசை நீள்கிறது. எண் பெரிதாகப் பெரிதாகச் சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசை கூடும். அதே வேகத்தில் செல்ல எஞ்சின் சுற்ற வேண்டிய சுற்றுகளும் கூடும். ஏற்றத்தில் கனமான பெட்டியை இழுக்க உதவும் எண்ணே நெடுஞ்சாலையில் எரிபொருளைத் தின்னும் என்பதால், டயரின் அளவையும் எஞ்சினின் வலிமையையும் வண்டி இழுக்க வேண்டிய எடையையும் சேர்த்து எடைபோட்டே ஆலை ஒரு விகிதத்தைத் தேர்ந்தெடுக்கிறது.

டயரும் ஒரு பற்சக்கரம்தான். அதற்குப் பல் இல்லை, அவ்வளவே. எஞ்சினில் பிறந்த முறுக்குவிசை கியர்பாக்ஸிலும் அச்சிலும் பெருகிக் கடைசியில் டயரின் ஆரத்தின் வழியாகவே தரையைத் தள்ளுகிறது. ஆரம் நீண்டால், அதே முறுக்குவிசை தரையில் குறைந்த உந்துவிசையாகவே வந்து சேரும். பெரிய டயர் பூட்டியவர் பூசணிக்காயைத் திறக்காமலே அச்சின் விகிதத்தை மாற்றிவிட்டார் என்பதே இதன் பொருள். கரடுமுரடான நிலத்தில் அச்சின் அடிவயிறு பாறையில் இடிக்காமல் உயர வேண்டும் என்பதற்காகவே பலர் இதைச் செய்கின்றனர். ஆனால் விட்டத்தில் கூடும் அளவில் பாதி மட்டுமே உயரமாகக் கிடைக்கும். மற்ற பாதி அச்சுக்கு மேலே போய்விடும். தோற்றத்துக்காக மட்டும் மாற்றுவோரும் உண்டு. பற்சக்கரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். டயரின் பக்கவாட்டில் 265/70ஆர்17 என்று அச்சிட்டிருந்தால், அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 விழுக்காடு, உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம் 17 அங்குலம் என்று பொருள். மொத்த விட்டம் ஏறத்தாழ 803 மில்லிமீட்டர், அதாவது 31.6 அங்குலம். அந்த இடத்தில் 35 அங்குல டயர் ஏறினால் விட்டம் 889 மில்லிமீட்டராகும்; அச்சு உயர்வது 4.3 சென்டிமீட்டர், ஆனால் ஒரு சுற்றில் வண்டி நகரும் தூரம் 2.52 மீட்டரிலிருந்து 2.79 மீட்டராக, ஏறக்குறைய 11 விழுக்காடு, கூடிவிடுகிறது. மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில், 3.73 அச்சோடும் 0.70 விகிதமுள்ள மேல் கியரோடும் ஓடும் வண்டியின் எஞ்சின் முன்பு நிமிடத்துக்குச் சுமார் 1,810 சுற்றுகள் சுழன்றது. இப்போது சுமார் 1,640 மட்டுமே சுழலும். சுற்று குறைந்தால் எரிபொருள் மிச்சமாகுமே என்று தோன்றும். சமதளத்தில், எதிர்காற்று இல்லாதபோது, ஓரளவுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சிறு மேடு வந்தாலே அந்தச் சுற்றில் எஞ்சினால் வண்டியைத் தாங்க முடிவதில்லை. தானியங்கி கியர்பாக்ஸ் கீழ் கியருக்கு இறங்கும், மேடு தணிந்ததும் மேலேறும், அடுத்த மேட்டில் மீண்டும் இறங்கும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெயின் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் என்னும் உறுப்பு ஒவ்வொரு முறையும் தன் பூட்டை அவிழ்த்து வழுக்குவதால் எண்ணெய் சூடேறுகிறது. தானியங்கி கியர்பாக்ஸின் ஆயுளைக் குறைப்பதில் சூட்டுக்கு இணையான பகை வேறில்லை. பிரேக்கும் இதே ஆரத்துக்குக் கப்பம் கட்டுகிறது: அதே அழுத்தத்தில் தரையில் கிடைக்கும் தடுப்புவிசை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலிமையும் அவ்வாறே தளரும். பற்சக்கரத்தை மாற்றினால் பின்னது மீளும். பிரேக்கின் இழப்பு மீளாது.

இழந்த விகிதத்தை மீட்கும் கணக்கு பள்ளிச் சிறுவரும் போடக்கூடியது: பழைய விகிதத்தைப் புதிய விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுக்க வேண்டும். மேற்கண்ட வண்டிக்கு விடை 4.13, கடையில் கிடைப்பது 4.10. அதைப் பூட்டினால் எஞ்சின் மீண்டும் 1,800 சுற்றை ஒட்டி வந்துவிடும். இருந்தும் அனுபவப்பட்ட பட்டறைக்காரர்கள் இந்த விடையோடு நிற்பதில்லை, ஏனெனில் வாய்பாட்டுக்கு விட்டம் மட்டுமே தெரியும். பெரிய டயர் எடையும் மிகுந்தது. அந்த எடை மையத்திலிருந்து தள்ளி விளிம்பில் இருப்பதால் சுழற்றுவதற்கே கூடுதல் விசை வேண்டும். தடித்த கட்டைகளுள்ள மிதிபரப்பு உருளும்போது அதிகம் தடுக்கும். உயர்த்தப்பட்ட வண்டி காற்றோடும் கூடுதலாக மோதும். ஆகவே கணக்கு காட்டும் எண்ணுக்கு அடுத்த படியான 4.56ஐ, அதாவது மேற்கண்ட வேகத்தில் சுமார் 2,000 சுற்றைப் பலர் விரும்புகின்றனர். ஆலைகளே இதற்குச் சான்று தருகின்றன. ஜீப் ரேங்ளர் ரூபிகானில் 33 அங்குலத்தை ஒட்டிய டயருக்கு 4.10 அச்சு வந்துகொண்டிருந்தது. 2021இல் 35 அங்குல டயரோடு விற்பனைக்கு வந்த எக்ஸ்ட்ரீம் ரீகான் தொகுதிக்கு வாய்பாட்டின்படி 4.35 போதும், நிறுவனம் வைத்ததோ 4.56.

ஆயினும் எல்லா வண்டிக்கும் இந்தச் செலவு தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளில் நெடுங்காலம் இருந்த நான்கு கியர் தானியங்கிப் பெட்டியில் முதல் கியர் 3.06, அடுத்தது 1.63, இவற்றுக்கிடையே இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கையில் டயரின் 11 விழுக்காடு உடனே உறைக்கும். ஃபோர்டு எஃப்-150இல் 2017 முதல் வரும் பத்து கியர் பெட்டியில் முதல் கியரே ஏறத்தாழ 4.7; படிகளும் நெருக்கமானவை; ஆதலால் டயர் சற்றே பெருத்தால் பெட்டி தானே ஒரு படி கீழே நின்று சமாளித்துக்கொள்ளும். இத்தகைய வண்டியில் ஓர் அங்குலம் கூடிய டயருக்காக அச்சைப் பிரிக்கச் சொல்லும் ஆலோசனையை ஐயத்தோடு கேட்பதே நல்லது.

நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன்னச்சையும் பின்னச்சையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செலவு இரட்டிப்பாவது இங்கேதான். இரு அச்சுக்கும் ஆற்றலைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு தண்டுகளையும் இறுகப் பிணைத்துவிடும்போது, முன்னே 3.73உம் பின்னே 4.10உம் இருந்தால் இரு தண்டுகளும் வெவ்வேறு வேகம் கேட்டுத் திமிறும். வழுக்க இடமில்லாத உலர்ந்த சாலையில் மிக மெலிவான உறுப்பு முதலில் உடையும். 41க்கு 10 ஆன 4.10உம் 37க்கு 9 ஆன 4.11உம் எதிரெதிரே இருப்பதில் மட்டும் தீங்கில்லை.

விகிதம் எண்ணில் பெரிதாகும்போது பினியனின் பற்கள் குறைந்து அதன் தலையும் சிறுத்துவிடுவதால், முறுக்குவிசை கூடும் அந்த இடத்திலேயே இரும்பு மெலிகிறது. சிறுத்த பினியனை எட்டக் கிரவுன் தடித்தாக வேண்டும். எனவே சில அச்சுகளில் கிரவுனைத் தாங்கும் கூடும் மாற வேண்டியிருக்கும். டேனா 44 என்னும் பெயர்பெற்ற அச்சில் 3.73 வரைக்கும் ஒரு கூடு, 3.92 முதல் வேறொரு கூடு.

பூட்டும் வேலை பொறுமையைச் சோதிக்கும். பினியன் கிரவுனின் மையக்கோட்டில் அல்லாமல் அதற்குக் கீழே தாழ்ந்து நின்று கவ்வும் இந்த அமைப்புக்கு ஹைபாய்டு என்று பெயர். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரத்துக் கிளீசன் நிறுவனம் வகுத்த இதனை 1926இல் பேக்கார்டு தன் கார்களுக்குக் கொண்டுவந்தது. இதில் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேலொன்று தேய்ந்து நழுவவும் செய்வதால், பினியன் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதில் மயிரிழை பிசகினாலும் பல் தப்பான இடத்தில் கவ்வும். ஷிம் என்னும் மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் பினியனின் ஆழத்தைச் சரிசெய்த பின், கிரவுனின் சில பற்களில் மஞ்சள் களிம்பைத் தடவிச் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் திருப்புவர். களிம்பு வழித்துப்போன தடம் பல்லின் நடுவே நின்றால் பொருத்தம் சரி, வேரை ஒட்டிக் கிடந்தால் பினியன் மிக உள்ளே, நுனியில் ஏறிக் கிடந்தால் மிக வெளியே. இரு பற்களுக்கிடையே விடும் ‘பிளே’ பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை. டயல் கேஜின் முள்ளைப் பல்லின்மேல் நிறுத்தி அதை அளப்பர். தடம் பிசகினால் பேரிங்கைப் பிதுக்கி எடுத்து, ஷிம்மை மாற்றி, மீண்டும் களிம்பு தடவ வேண்டும்; ஒரே அச்சுக்கு இது நான்கைந்து முறை நேர்ந்தாலும் வியப்பில்லை. இந்த இடத்தில் அவசரப்பட்டவர் பின்னர் நெடுஞ்சாலையில் ஓயாத ஊளையைக் கேட்க நேரிடும்.

புதிய பற்கள் ஒன்றையொன்று பழகும் வரை சூடு அதிகம் பிறக்கும். முதல் ஓட்டத்தில் கால்மணி நேரம் மென்மையாக ஓட்டி முழுதும் ஆறவிட்டு, இதைச் சில முறை செய்து, முதல் 800 கிலோமீட்டர் வரை எதையும் இழுக்காமல் இருந்து, அதன்பின் அச்சின் எண்ணெயை மாற்றுவது வழக்கம். வேகமானியையும் கவனிக்க வேண்டும். பெரிய டயரை மட்டும் பூட்டிய வண்டியில் அது 100 என்று காட்டும்போது உண்மை வேகம் 110ஐத் தாண்டியிருக்கும். நீளத்தண்டின் சுழற்சியை எண்ணும் பழைய வகையில் 4.10 பூட்டியதும் பிழை தானாகவே ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் புதிய வகையிலோ அச்சு மாறினாலும் பிழை மாறாது, வண்டியின் கணினியில் டயரின் அளவையும் விகிதத்தையும் பதிந்தே தீர வேண்டும்.

விகிதம் மாறிய வண்டி கைமாறும்போது, அச்சின் விகிதத்தைக் குறியால் சொல்லும் ஆலையின் ஒட்டுத்தாள் பொய் சொல்லத் தொடங்கும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியில் ஜி.டி.4 என்ற குறி 3.73ஐயும் ஜி.டி.5 என்ற குறி 4.10ஐயும் சுட்டும், ஆனால் தாளை ஒட்டியது ஆலை, பல்லை மாற்றியது பட்டறை. வாங்க வருபவர் கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, நீளத்தண்டில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, இரு சக்கரங்களையும் ஒருசேர ஒரே ஒரு சுற்று திருப்பச் சொல்லி, கோடு எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். நான்கைத் தாண்டிச் சற்றே நகர்ந்து நின்றால் உள்ளே இருப்பது 4.10, நான்கரைக்கு மேல் போனால் 4.56.