ஏழாம் எண் சாலையின் ஊர்கள்

1955-ஆம் ஆண்டின் கோடையில் பாரிஸிலிருந்து தென்கடற்கரைக்கு விடுமுறைக்குக் கிளம்பிய கணவனும் மனைவியும் ஏழாம் எண் தேசியச் சாலையைத்தான் பிடித்திருப்பார்கள். இத்தாலிய எல்லையை ஒட்டிய மாந்தோன் வரை அது ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். கூரையில் பெட்டிகளைக் கட்டிய சிறிய ரெனோ காருக்கு இரண்டு நாள் வழி. அந்தச் சாலை எந்த ஊரையும் ஒதுக்கவில்லை. மூலான், ரோவான், லியோன், வியேன், வலான்ஸ், மோந்தெலிமார், ஒரான்ஜ் என்று ஒவ்வோர் ஊருக்குள்ளும் புகுந்துதான் வெளியே வந்தது. பசித்த இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். லியோனுக்குத் தெற்கே என்றால், நிறுத்திய இடத்துக்கு அருகிலேயே ரோமானியர் கட்டிய ஏதோ ஒன்று நின்றது. வரலாறும் மதிய உணவும் ஒரே நிறுத்தத்தில் கிடைத்தன.

இன்று பாரிஸில் காலையில் அதிவேக ரயிலேறும் தம்பதி 2 மணி 40 நிமிடத்தில் அவிஞோனில் இறங்கிவிடுகிறார்கள். 2001-இல் அந்தப் பாதை திறந்தபோது கட்டிய நிலையம் பழைய நகரின் மதிலுக்கு வெளியே, தள்ளி இருக்கிறது. வலான்ஸின் புதிய நிலையம் ஊரிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர். வியேனும் மோந்தெலிமாரும் எப்போது கடந்துபோயின என்றே தெரியாது. ரயில் 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது.

இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவில் அந்த ஊர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை, மனைவியோடு அங்கே தங்கி நடந்தபோது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டேன். கற்கள் பிழைத்துவிட்டன. 1955-இல் இருந்ததைவிட இன்று நல்ல நிலையிலேயே இருக்கின்றன. அடுப்புகளுக்கு அந்தப் பேறு முழுமையாக வாய்க்கவில்லை.

சம்பளத்தோடு விடுமுறை என்ற உரிமை அங்கே உழைப்பாளிகள் எல்லோருக்கும் 1936 ஜூன் மாதச் சட்டத்தால்தான் வந்தது. ஆண்டுக்கு இரண்டு வாரம். அந்த முதல் கோடையிலேயே சலுகைக் கட்டணத்தில் சுமார் 6 லட்சம் பேர் ரயிலேறினார்கள். இளம் தம்பதிகள் இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளில் ஊர் ஊராகப் போனார்கள். 1956-இல் அது மூன்று வாரமாகி, 1969-இல் நான்காகி, 1982-இல் ஐந்தானது. விடுமுறை நாட்கள் கூடக்கூட, வழியில் செலவாகும் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

சாலையை அறிந்தவர்கள் கையில் மிஷெலின் டயர் கம்பெனியின் சிவப்பு அட்டை வழிகாட்டி இருந்தது. 1900-இல் அதன் முதல் பதிப்பு 35,000 பிரதிகள் அச்சாகி இலவசமாகக் கொடுக்கப்பட்டபோது பிரான்ஸ் முழுவதிலும் 3,000 கார்கூடக் கிடையாது. 1920-இல் அதற்கு விலை வைத்தார்கள். 1926-இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். 1931-இல் இரண்டாம், மூன்றாம் நட்சத்திரங்கள் சேர்ந்தன. இரண்டு நட்சத்திரம் என்றால் போகும் வழியிலிருந்து விலகிப் போய்ச் சாப்பிடலாம். மூன்று என்றால் அதற்கென்றே பயணம் கிளம்பலாம். சமையலை அளந்த கோல் சாலைதான். இன்றைய தம்பதிக்குப் புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் உண்டு. விலகிப் போவதற்கு ஒரு வழிதான் இல்லை. கைபேசியில் ஆயிரம் பேர் போட்ட மதிப்பெண்களைப் பார்த்து உணவகத்தைத் தேர்கிறார்கள். கார் வாங்க வசதியுள்ளவர்களுக்காக எழுதப்பட்ட அறிவு இப்படி எல்லோர் கைக்கும் வந்தது நல்லதுதான் என்றே நினைக்கிறேன்.

லியோனில் யூஜெனி பிராசியே என்ற பெண்மணி 1921-இல் ராயல் வீதியில் ஒரு சிறிய உணவகம் தொடங்கினார். 1933-இல் அதற்கும், ஊருக்கு வெளியே மலைமேல் அவர் நடத்திய இன்னோர் உணவகத்துக்கும் மும்மூன்று நட்சத்திரங்கள் கிடைத்தன. பிள்ளைப் பருவத்தில் பண்ணை வேலை செய்தவர் அவர். அதே காலத்தில் ஆற்றின் மறுகரையில் பழைய லியோனின் மறுமலர்ச்சிக் கால வீடுகள் கரி படிந்து, ஈரம் ஏறி, இடித்துவிட வேண்டியவை என்று பேசப்படும் நிலையில் இருந்தன. 1962-இல் வந்த சட்டத்தின்கீழ் 1964-இல் பிரான்ஸின் முதல் பாதுகாக்கப்பட்ட நகரப் பகுதியாக அது அறிவிக்கப்பட்டது. 1998-இல் யுனெஸ்கோவும் பட்டியலில் சேர்த்தது. இன்று அந்தச் சந்துகளில் சுவர்கள் காவியும் மஞ்சளுமாகப் பளிச்சென்று நிற்கின்றன. கீழ்த்தளம் பெரும்பாலும் உணவகமாகிவிட்டது. அவற்றில் எது உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் இடம் என்று கண்டுபிடிப்பதற்குள் கால் வலிக்கிறது.

லியோனுக்குத் தெற்கே 30 கிலோமீட்டரில், ரோன் ஆற்றங்கரையில் இருக்கும் வியேனில் இந்த மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஊர் நடுவில் பேரரசர் அகஸ்டஸுக்கும் அவர் மனைவி லிவியாவுக்கும் எழுப்பிய கோயில் இருக்கிறது. கிறிஸ்தவம் வந்தபின் அது தேவாலயமானது. புரட்சிக் காலத்தில் பகுத்தறிவுக் கோயில், பின்னர் நீதிமன்றம், அருங்காட்சியகம், நூலகம் என்று வேடம் மாறிக்கொண்டே இருந்தது. தூண்களுக்கு நடுவே அடைத்திருந்த சுவர்களை 19-ஆம் நூற்றாண்டில்தான் எடுத்தார்கள். கோயிலுக்குக் கிழக்கே மலைச்சரிவில் 13,000 பேர் உட்காரத்தக்க ரோமானிய அரங்கம் மண்ணுக்கடியில் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்துத் திறந்தது 1938-இல். ஆற்றின் மறுகரையில் 1967-இல் பள்ளிக்கூடம் கட்ட அடித்தளம் போட்டபோது ஒரு முழு ரோமானியக் குடியிருப்பே வெளிப்பட்டது. அங்கே 1996-இல் அருங்காட்சியகம் வந்தது. ஆக, 1955-இன் தம்பதி கண்ட வியேனைவிட இன்றைய தம்பதி காணும் வியேன் ஏறக்குறைய இருமடங்கு பழமையானது என்று சொல்லத் தோன்றுகிறது. 1981 முதல் கோடைதோறும் அந்த அரங்கில் ஜாஸ் விழா நடக்கிறது. கல்படிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் 1955-இன் தம்பதி வியேனில் வண்டியை நிறுத்தியிருந்தால், கோயில் அதற்கு இரண்டாவது காரணமாகவே இருந்திருக்கும். ரோமானியத் தேரோட்டத் திடலில் எஞ்சிய கூம்புக் கல் ஒன்று ஊரின் தென்பகுதியில் நிற்கிறது. அதன் பெயரையே சூடிய 'லா பிரமிட்' என்ற உணவகத்தை ஃபெர்னான் புவான் நடத்தினார். 1933 முதல் மூன்று நட்சத்திரம். மிகப் பருத்த மனிதர். நேற்றைய எதுவும் மிஞ்சாத சமையலறையில் ஒவ்வொரு காலையும் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. போல் பொக்யூசும் த்ருவாக்ரோ சகோதரர்களும் அவரிடம் வேலை கற்றவர்கள். கனமான சாறுகளை விட்டு விலகி, அந்தந்தப் பருவத்துப் பொருளின் சுவையை முன்னிறுத்திய புதிய பிரெஞ்சுச் சமையல் இந்தச் சாலையோர வீட்டில்தான் முளைவிட்டது. புவான் இறந்தது அதே 1955-இல். அவர் மனைவி மாதோ உணவகத்தை விடவில்லை. 1986-இல் இறக்கும்வரை, மூன்று நட்சத்திரமும் குறையாமல் நடத்தினார். சமைத்தவரின் பெயர் நிலைத்த அளவுக்கு, முப்பது ஆண்டுகள் அந்த வீட்டைக் காத்த பெண்மணியின் பெயர் நிலைக்காதது எனக்கு வருத்தம் தருகிறது.

இன்றும் லா பிரமிட் இருக்கிறது. வேறொரு குடும்பம், இரண்டு நட்சத்திரம், சிறந்த சமையல். ஆனால் வழியில் பசித்து அங்கே யாரும் நுழைவதில்லை. முன்பதிவு செய்து, அந்த மாலைக்கென்றே உடுத்திக்கொண்டு வருகிறார்கள். வலான்ஸில் பிக் குடும்பத்தின் உணவகமும் அப்படியே. 1936-இல் கிராமத்திலிருந்து கிளம்பி, வாடிக்கையாளர்கள் போகும் ஏழாம் எண் சாலையைத் தேடி ஊருக்குள் வந்தது அது. 2007-இல் ஆன்-சோஃபி பிக் அதற்கு மூன்றாம் நட்சத்திரத்தை மீட்டுக் கொடுத்தார். பிரான்ஸில் அரை நூற்றாண்டுக்குமேல் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காதிருந்த சிறப்பு அது.

உச்சியில் இருந்தவர்கள் இப்படித் தப்பித்துக்கொண்டார்கள். இழப்பு நடுவில் இருந்தவர்களுக்கு. 1970-இல் பாரிஸிலிருந்து மார்சேய் வரை விரைவுச் சாலை முழுமையடைந்தது. ஆகஸ்ட் நெரிசலில் மணிக்கணக்காக நின்ற கார்களை நம்பி மிட்டாய் விற்ற மோந்தெலிமார்க்காரர்களின் கடைகள் பல மூடப்பட்டன. லாரி ஓட்டுநர்களுக்காக 1934-இல் தொடங்கிய சிவப்பு, நீல வட்டப் பலகை உணவகங்களும் அருகிவிட்டன. நாடு முழுவதும் 1960-இல் சுமார் 2 லட்சம் காப்பிக் கடைகள் இருந்தன. இன்று 40,000-க்கும் குறைவு. ஒரு பானை வெந்நீரும் ஒரு பொட்டலமும் இருந்தால் உணவகம் நடத்தலாம் என்ற நிலை வந்தபின், எந்தப் பதார்த்தம் அங்கேயே சமைத்தது என்று காட்ட 2014-இல் அரசே ஒரு சின்னம் வகுத்தது. சட்டிக்குக் கூரை போட்டதுபோல் ஒரு சிறு படம். 1955-இல் அதற்கு எந்தத் தேவையும் இருந்திருக்காது. லாபாலிஸ் என்ற சிற்றூரைச் சுற்றி 2006-இல் புறவழிச் சாலை போட்டார்கள். பெருந்தெரு அமைதியானது. அதே ஆண்டு தொடங்கி, ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு, பழைய கார்களை நூற்றுக்கணக்கில் வரவழைத்து அந்தத் தெருவில் போக்குவரத்து நெரிசலை விழாவாக நடத்துகிறார்கள்.

கற்களின் கதை இதற்கு நேர்மாறு. ரோமானியர் கட்டிய போன் து கார் நீர்ப்பாலம் மூன்று அடுக்கு, 49 மீட்டர் உயரம். அதன் கீழடுக்கை ஒட்டி 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய பாலத்தின்மேல் 1990-கள் வரை கார்கள் ஓடின. இரு கரைகளிலும் வண்டி நிறுத்தமும் கடைகளும் மொய்த்தன. 2000-இல் எல்லாவற்றையும் அகற்றி, காரை வெகு தொலைவில் நிறுத்தி நடந்து வரச் செய்தார்கள். உச்சியில் நீர் ஓடிய கால்வாய்க்குள் அன்று யார் வேண்டுமானாலும் ஏறி நடக்கலாம். இன்று வழிகாட்டியோடுதான். ஒரான்ஜில் 103 மீட்டர் நீளச் சுவரோடு நிற்கும் அரங்கின் மேடைக்கு 2006-இல் கூரை வந்தது. அன்றைய தம்பதி அந்தச் சுவரருகே தனியாக நின்றிருக்கலாம். இன்று காதில் ஒலிக்கருவியோடு நிற்கும் கூட்டத்தில் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் அந்தக் கல்லுக்கு இன்றைய கூட்டம்தான் நல்லது. கட்டணம் கொடுத்து நுழையும் கூட்டம்தான் அதைப் பழுதுபார்க்கிறது.

சாப்பாட்டு மேசையிலும் வரவு உண்டு. 2008-க்குப் பின் உணவகத்துக்குள் சிகரெட் புகை இல்லை. என் மனைவி சைவம், முட்டை மட்டும் உண்டு. பிராங்க் செலாவணியில் இருந்த காலத்தில் இந்த ஊர்களுக்கு நாங்கள் போனபோது அவளுக்குக் கிடைத்தது ஆம்லெட். சாலட் கேட்டால் பன்றிக்கறித் துணுக்குகளைத் தூவிக் கொண்டுவந்தார்கள். அதை எடுத்துவிடச் சொன்னால் சமையற்காரருக்கு மனம் புண்பட்டது. இப்போது சிற்றூர்க் கரும்பலகையிலும் காய்கறிக்கென்று ஒரு வரி இருக்கிறது. புவானின் மாணவர்கள் காய்கறியை இறைச்சிக்குத் துணையாக வைத்தார்கள். இன்றைய பிள்ளைகள் கத்தரிக்காயையும் பட்டாணியையும் தட்டின் நடுவில் வைக்கிறார்கள்.

சனிக்கிழமை காலையில் வியேனில் அகஸ்டஸ் கோயிலைச் சுற்றிய தெருக்களெல்லாம் சந்தையாகிவிடும். கோந்திரியு ஊர்ப் பெயரில் வரும் சின்னஞ்சிறு ஆட்டுப்பால் சீஸும் கோடையில் ரோன் பள்ளத்தாக்கின் ஆப்ரிகாட் பழமும் வாங்கலாம். அங்கிருந்து தெற்கே போக அதிவேக ரயில் வேண்டாம். ஆற்றோரப் பழைய தண்டவாளத்தில் வட்டார ரயில் இன்னும் ஓடுகிறது. வலான்ஸில் நிற்கும், மோந்தெலிமாரில் நிற்கும், ஒரான்ஜில் நிற்கும். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பழைய ஊர் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னே இறங்கிவிட வேண்டும், ஒன்றரைக்கு மேல் சமையலறை மூடிவிடும்.