குழாயில் தண்ணீர் இல்லை, வாசலில் வெள்ளம்!

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் முதல் பத்து நாட்களைக் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் அவ்வளவு எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். செப்டம்பர் 3-ஆம் தேதி, ரவாங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலைப் பகுதியிலிருந்து வெளியேறிய கழிவு சுங்கை கோங் என்ற சிற்றாற்றில் கலந்து, அங்கிருந்து சிலாங்கூர் ஆற்றை அடைந்தது. அந்த ஆற்றை நம்பியிருந்த நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. வாளியும் குடமுமாகத் தண்ணீர் லோரிக்குக் காத்திருந்தவர்கள், குழாயில் மறுபடி நீர் வந்ததைக் கண்டு மூச்சு விடுவதற்குள், செப்டம்பர் 10-ஆம் தேதி தலைநகரில் கொட்டிய மழை சாலைகளை ஆறாக்கியது. கார்கள் மூழ்கின.

ஒரு வாரம் தண்ணீர் இல்லை. மறுவாரம் தண்ணீர் தாங்க முடியவில்லை! ஒன்றை 'தண்ணீர்த் தடை' என்றும் மற்றொன்றை 'திடீர் வெள்ளம்' என்றும் தனித்தனியாகப் பேசி முடித்துவிட்டோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே குறை தெரியும். மேல்பகுதி நிலத்தை என்ன செய்வது என்று முடிவு செய்கிறவர், கீழ்ப்பகுதியில் இருக்கிறவரைக் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கு இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் உலகெங்கும் வடிநிலத் திட்டமிடல் என்ற முறை பேசப்படுகிறது. பெயர் பெரியது, பொருள் எளியது. ஓரிடத்தில் பெய்யும் மழை எந்த ஆற்றில் போய்ச் சேருகிறதோ, அந்த ஆற்றின் வடிநிலத்தில் அந்த இடமும் அடங்கும். மலைக்காடு, தோட்டம், தாமான், தொழிற்பேட்டை, கடற்கரை எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும் என்பதே இதன் சாரம். கிள்ளான் ஆற்றின் நீளம் சுமார் 120 கிலோமீட்டர். அதன் வடிநிலம் ஏறக்குறைய 1,288 சதுர கிலோமீட்டர். நாட்டிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த ஆற்று வடிநிலம் இதுதான்.

காவடிக்கு முன் நீராடும் ஆறு

செந்தூல்வாசிகளுக்கு இதைப் புரிய வைக்கப் பெரிய வரைபடம் தேவையில்லை, பத்துமலையே போதும். தைப்பூசத்தில் காவடி எடுப்பதற்கு முன் பக்தர்கள் நீராடுகிறார்களே, அதுதான் பத்து ஆறு. சிலாங்கூர் மலையடிவாரத்தில், 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட பத்து அணைக்கட்டைத் தாண்டி வரும் அந்த ஆறு, பத்துமலையைக் கடந்து கோலாலம்பூருக்குள் நுழைகிறது. கெப்போங் பக்கமிருந்து வரும் கெரோ ஆறு வழியில் அதனுடன் சேர்கிறது. ஜாலான் ஈப்போ பகுதியைத் தொட்டுச் சென்று, புத்ரா உலக வாணிப மையத்தை எட்டுவதற்கு முன்பே கோம்பாக் ஆற்றில் கலக்கிறது. கோம்பாக் ஆறு மஸ்ஜிட் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றுடன் இணைகிறது. கோலாலம்பூர் என்ற பெயரே அந்தச் சேற்றுக் கூடலால் வந்ததுதான்.

அணை இருக்கிறதே, பிறகு ஏன் வெள்ளம் என்று கேட்பவர்கள் உண்டு. அணைக்கு மேலே பெய்யும் மழையை மட்டுமே அணை தடுக்கும். செலாயாங், பத்துமலை, கெப்போங் என்று அணைக்குக் கீழே இருக்கும் ஊர்களில் பெய்யும் மழைக்கும் அணைக்கும் தொடர்பே இல்லை. அங்கே காடும் ரப்பர் தோட்டமும் இருந்த காலத்தில் மண் நீரைக் குடித்து, மெல்ல மெல்ல ஆற்றுக்கு விட்டது. இன்று அதே மழை கூரையிலும் தாரிலும் சிமெண்டிலும் விழுகிறது. 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஹெக்டர் நிலத்தில் விழும் நீர் 10 லட்சம் லிட்டர். அது பல மணி நேரத்தில் ஆற்றுக்கு வந்தால் ஆறு தாங்கும். அரை மணி நேரத்தில் மொத்தமாக வந்தால்? கம்போங் காசிப்பிள்ளை என்று தமிழ்ப் பெயர் தாங்கி நிற்கும் குடியிருப்பில் வெள்ளத்தைப் பலமுறை பார்த்தவர்களிடம் கேட்டால் விடை கிடைக்கும்.

சுரங்கம் யாருக்கு?

2007-இல் திறக்கப்பட்ட 'ஸ்மார்ட்' சுரங்கத்தைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சுமார் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் தலைநகரம் முழுவதையும் காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண நாளில் அதன் ஒரு பகுதியில் கார் ஓடும், பெருமழை நாளில் வெள்ளம் ஓடும். பொறியியலில் அது வியக்கத்தக்க வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது நீரை உள்வாங்கும் இடம் அம்பாங் பக்கம், கிள்ளான் ஆற்றின் மேல்பகுதியில். மஸ்ஜிட் ஜாமெக் வட்டாரத்தைக் காப்பதுதான் அதன் முதல் நோக்கம். கோம்பாக் ஆறும் பத்து ஆறும் அதற்குள் போவதில்லை. கூடலில் கிள்ளான் ஆற்றின் மட்டம் தாழ்ந்திருந்தால் கோம்பாக் ஆறு சற்று எளிதாக வடியும். செந்தூலுக்கு அதனால் கிடைக்கும் உதவி அவ்வளவுதான்.

அப்படியானால் செந்தூலைக் காப்பது எது? பழைய ஈயக் குட்டைகள்! பிள்ளைகள் போய் விழுந்துவிடக் கூடாதே என்று பெரியவர்கள் பயந்த அதே குட்டைகள்தான். கோம்பாக் ஆற்றில் வெள்ளம் பெருகும்போது உபரி நீரைத் தனிக் கால்வாய் வழியாகப் பத்து தேக்கக் குளத்திற்குத் திருப்புகிறார்கள். கெரோ ஆற்றின் வெள்ளம் ஜிஞ்சாங் குளத்திற்குப் போகிறது. மழை ஓய்ந்து ஆறு இறங்கிய பிறகு குளத்து நீரை மெல்ல வெளியே விடுகிறார்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் இந்தத் திட்டத்திற்கு 'ஸ்மார்ட்' சுரங்கத்தின் புகழ் கிடைக்கவில்லை. குளத்தின் முன் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லையே!

தமிழர்களுக்கு இது புதிய வித்தையும் அல்ல. தமிழ்நாட்டின் ஏரிச் சங்கிலிகள் இதே முறையில்தான் அமைந்தன. மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாக உபரி நீர் கீழ் ஏரிக்குப் போகும். நடுவில் ஓர் ஏரியைத் தூர்த்து வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதைச் சென்னை 2015-இல் கண்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிய பிறகு வந்த பெருமழை அது.

இங்கும் அந்த ஆபத்து இருக்கிறது. 2021 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின், கோலாலம்பூரின் வெள்ளத் தேக்கக் குளங்களுக்குரிய நிலங்கள் மேம்பாட்டுக்குப் போவது பற்றி நாடாளுமன்ற உறுப்பினர்களே கேள்வி எழுப்பினார்கள். வறண்ட மாதங்களில் குளம் வீண் நிலமாகத் தெரியும். தலைநகரில் ஓர் ஏக்கர் என்ன விலை போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த விலையைப் பார்க்கிறவர் கண்ணுக்கு, பெருமழை நாளில் அதே ஏக்கர் எத்தனை வீடுகளைக் காக்கிறது என்பது படுவதில்லை.

ஓர் ஆறு, எத்தனை ஆட்சி?

சிக்கலின் வேர் சட்டத்தில் இருக்கிறது. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 9-ஆம் அட்டவணைப்படி நிலம் மாநில அரசின் அதிகாரம்; மாநிலத்திற்குள்ளேயே ஓடும் ஆறும் அப்படித்தான். ஆனால் கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1-ஆம் தேதி முதல் கூட்டரசு பிரதேசம். ஆக, கிள்ளான் ஆறு சிலாங்கூரில் பிறந்து, கூட்டரசு பிரதேசத்திற்குள் நுழைந்து, மறுபடி சிலாங்கூருக்குள் போய்க் கடலில் விழுகிறது. சிலாங்கூர் அரசு 1999-இல் சட்டம் இயற்றி 'லுவாஸ்' என்ற நீர் நிர்வாக வாரியத்தை அமைத்தது. வடிநில அடிப்படையில் யோசித்து அமைக்கப்பட்ட நல்ல அமைப்பு அது. ஆனாலும் தலைநகர எல்லையில் அதன் கை நின்றுவிடுகிறது. பத்துமலையில் ஒரு கட்டடத்திற்கு அனுமதி கொடுப்பது செலாயாங் நகராண்மைக் கழகம். அந்த நீர் வந்து சேரும் ஜாலான் ஈப்போவைப் பார்த்துக்கொள்வது கோலாலம்பூர் மாநகர் மன்றம். அதற்கும் கீழே பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் என்று ஊருக்கு ஒரு மன்றம்.

விதிமுறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2001 முதல் நடப்பில் இருக்கும் வடிகால் கையேடு தெளிவாகச் சொல்கிறது: மேம்பாட்டிற்கு முன் ஒரு நிலத்திலிருந்து எந்த வேகத்தில் நீர் வெளியேறியதோ, அதை மிஞ்சி மேம்பாட்டிற்குப் பின் வெளியேறக் கூடாது; மிஞ்சுவதை அந்த நிலத்திலேயே தேக்கி வைக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அது மனைக்கு மனை பார்க்கிறது. நூறு மனைகளின் நீர் ஒரே நேரத்தில் ஒரே ஆற்றில் சேர்ந்தால் கீழே இருப்பவன் கதி என்ன என்பதைப் பார்க்க வடிநிலத்திற்கென்று ஒருவர் வேண்டாமா? அதோடு, செந்தூல் போன்ற பழைய வட்டாரங்கள் அந்தக் கையேடு வருவதற்குப் பல தலைமுறைகள் முன்பே, இரயில்வே பட்டறையைச் சுற்றி எழுந்தவை.

கீழே இருப்பவன் கதியை 2021 டிசம்பர் 18-ஆம் தேதி ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா காட்டியது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியதாக அதிகாரிகள் கூறினார்கள். கிள்ளான் ஆற்றங்கரையில் தாழ்வான நிலத்தில், நம்மவர்கள் கணிசமாக வாழும் அந்தத் தாமானில் மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் உதவிக்குக் காத்திருந்தார்கள். உயிர்களும் போயின. 1995-இலும் அங்கே பெருவெள்ளம் வந்திருக்கிறது. கடல் ஏற்றம் வரும் நேரத்தில் ஆறு வடிய மறுக்கும் இடம் அது. இதில் மேல்பகுதிக்காரர்கள் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆற்றை ஆழப்படுத்தி, கரையைச் சிமெண்டாக்கி, நீரை விரைவாக வெளியேற்றினால் தலைநகரம் பிழைக்கும். அந்த நீர் எங்கே போகும்? 'ஸ்மார்ட்' சுரங்கத்து நீரும் கெராயோங் ஆற்றின் வழியாக மீண்டும் கிள்ளான் ஆற்றுக்குத்தான் வருகிறது. சற்றுத் தாமதமாக வருகிறது, அது பெரிய உதவிதான். ஆனால் தேக்கி வைக்க இடம் கொடுக்காமல் ஓட மட்டும் விட்டால், செந்தூலின் வெள்ளம் ஸ்ரீ மூடாவின் வெள்ளமாக மாறும்.

குடிநீரிலும் இதே கதைதான். கிள்ளான் பள்ளத்தாக்கு குடிப்பது பெரும்பாலும் அடுத்த வடிநிலமான சிலாங்கூர் ஆற்றின் நீர். அதுவும் போதாமல், பகாங்கின் செமந்தான் ஆற்றிலிருந்து 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் மலைத்தொடரைக் குடைந்து நீர் கொண்டு வருகிறது. இவ்வளவு செலவு செய்து மலைக்கு அப்பாலிருந்து நீர் கொண்டு வருகிறோம். நம் கூரையில் விழும் மழையை எவ்வளவு சீக்கிரம் கடலுக்கு அனுப்பலாம் என்று பார்க்கிறோம்!

பிரான்சு நாடு 1964-இலேயே சட்டம் இயற்றி நாட்டை ஆறு வடிநிலங்களாகப் பிரித்தது. ஒவ்வொரு வடிநிலத்திற்கும் ஒரு நிறுவனம், ஒரு குழு. நீரை எடுப்பவரும் கெடுப்பவரும் கட்டணம் செலுத்த வேண்டும். நகர மன்றங்கள், தொழிற்சாலைகள், விவசாயிகள், பயனீட்டாளர்கள் எல்லோரும் குழுவில் உட்காருகிறார்கள். கிள்ளான் ஆற்றுக்கு இப்படிக் கூட்டரசும் சிலாங்கூரும் சேர்ந்து அமரும், கட்டிடத் திட்டத்தை நிறுத்தும் அதிகாரமுள்ள ஒரு குழு அமைவதற்கு அரசியல் துணிவு வேண்டும். அது வரும்வரை மக்கள் கையில் எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது. 2025-இல் அரசிதழில் வெளியிடப்பட்ட கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040-இன் வரைபடங்களில் ஒவ்வொரு நிலத்திற்கும் ஒரு நிறம் இருக்கிறது. செந்தூல், பத்து, கெப்போங் வட்டாரக் குடியிருப்பாளர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் அதை வாங்கிப் பார்க்கலாம். தங்களைக் காக்கும் தேக்கக் குளத்திற்கு அதில் என்ன நிறம், அந்த நிலம் அரசிதழில் குளமாகப் பதிவாகியிருக்கிறதா, நிலப்பட்டா யார் பெயரில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் மாநகர் மன்றத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்க வேண்டும்.