சித்திரகாரப்புலியின் எள்ளுப்பேரன்

விழுப்புரம் மாவட்டம் பனமலையில், குன்றின் மேல் நிற்கிறது தாளகிரீசுவரர் கோயில். அதன் வடபுறச் சிற்றாலயத்துச் சுவரில் பார்வதி இருக்கிறாள். ஒரு காலை மடித்து, தலையைச் சற்றே சாய்த்து, குடை நிழலில் நின்றபடி சிவனின் ஆட்டத்தைப் பார்க்கிறாள். ஆடிய சிவன் பெரும்பாலும் அழிந்துவிட்டார். பார்த்தவள் ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக நிற்கிறாள்.

கோயிலைக் கட்டியவன் இராசசிம்ம பல்லவன். தன் குலவரிசையை அசுவத்தாமனிலிருந்து தொடங்கி இங்கே கல்லில் வெட்டி வைத்தான். புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வந்தால், அவனுடைய எள்ளுத்தாத்தா முதலாம் மகேந்திரவர்மன். ‘சித்திரகாரப்புலி’ என்று பட்டம் சூடிக்கொண்ட அரசன் அவன்.

அவன் கை வரைந்ததென்று சொல்ல ஓர் ஓவியமும் இன்று நம்மிடம் இல்லை. ஆனால் அவன் குடைவித்த கோயில் பக்கத்திலேயே, மண்டகப்பட்டில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு ஆலயம் எடுத்தேன் என்று அங்குள்ள கல்வெட்டில் அவன் பெருமைப்படுகிறான். அவன் வேண்டாமென்று ஒதுக்கிய அந்தச் சுதைதான், நான்கு தலைமுறை கழித்து அவன் குலத்தின் ஓவியத்தைத் தாங்கியது என்பதை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கருங்கல்லில் நேரடியாக வண்ணம் தீட்டினால் நிற்காது. அதனால் சுதை எனப்படும் சுண்ணாம்புச் சாந்தை மெல்லிய படலமாகப் பூசி, தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அஜந்தாவில் இதற்கு உமியும் நாரும் கலந்த மண்சாந்தே அடித்தளம். பல்லவர்கள் சுண்ணாம்பை நம்பினார்கள். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். நீற்றிப் பூசிய பிறகு, காற்றிலிருந்து அதே வாயுவை மெதுவாக உறிஞ்சி மீண்டும் கல்லாகும். சுவரின் மேல் புதிதாக ஒரு கல் வளர்கிறது! ஈரம் காயுமுன் தீட்டினால் அந்தக் கல்லே வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பின் தீட்டினால் பசை வேண்டும்.

சுண்ணாம்பின் காரத்தில் பூ, இலைச் சாயங்கள் பெரும்பாலும் கெட்டுவிடும். செங்காவியும் மஞ்சள் காவியும் தாங்கும். இரண்டும் இரும்பின் துரு வகைகள். ஏற்கெனவே துருப்பிடித்து முடிந்ததை வெயிலும் காற்றும் புதிதாக என்ன செய்துவிட முடியும்?

ஆனால் தண்ணீர் செய்யும். கசியும் மழைநீர் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து சாந்துக்கு அடியில் படிகமாக்கும். படிகம் பெருத்தால் சாந்து பொருக்குப் பொருக்காக உதிரும். மனிதக் கையும் செய்யும்; வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் புழுதி ஒட்டிக்கொள்ளும்.

பனமலைக்குப் போகிறவர்கள் தள்ளி நின்று கண்ணால் பாருங்கள். அந்தச் சுவரைத் தொடாதீர்கள். பிள்ளைகளையும் தொட விடாதீர்கள்.