ஆணையா, அறமா?

தருமபுரி மாவட்டம், அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரம். அங்கே வாச்சாத்தி என்றொரு சிற்றூர். மலைவாழ் மக்கள் வாழும் ஊர். 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும், காவல்துறையும், வருவாய்த்துறையும் அங்கே புகுந்தன. வீடுகள் நொறுங்கின. பொருள்கள் பறிபோயின. 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளாயினர். காக்க வேண்டிய காக்கிச் சட்டையே களவாடியது, கற்பைச் சூறையாடியது!

தோழர்களே! குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவரல்ல, இருவரல்ல; 269 பேர்! அத்தனை பேரும் பிறவிக் கொடியவர்களா? அவர்களுக்குத் தாய் இல்லையா, தங்கை இல்லையா? பிறகு ஏன் கை கூசவில்லை? ஏன் வாய் திறக்கவில்லை?

விடையின் ஒரு பாதியை அமெரிக்காவில் காண்கிறோம். 1961-ல் யேல் பல்கலைக் கழகத்தில் மில்கிராம் என்ற உளநூல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். 'அடுத்த அறையிலிருப்பவர் தவறாக விடை சொன்னால் மின்சாரம் பாய்ச்சு' என்பது கட்டளை. உண்மையில் மின்சாரமும் இல்லை; அலறல் வெறும் நடிப்பு. அதை அறியாத 40 பேரில் 26 பேர், 450 வோல்ட் என்ற கடைசி விசைவரை அழுத்தினர். கத்தியா காட்டினார்கள்? இல்லை, 'தொடருங்கள்' என்ற சொல்லே போதுமானதாயிற்று!

ஆனால் மற்றொரு சோதனையில், பக்கத்திலிருந்த இருவர் 'மாட்டோம்' என்று எழுந்தனர். அப்போது கடைசிவரை போனவர் 40-ல் நால்வர்தான். அடிபணிவது தொற்றும்; துணிவும் தொற்றும்!

வாச்சாத்தியிலும் துணிவு பிறந்தது. அதிகாரிகளிடமல்ல, அடிபட்ட பெண்களிடம். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்டுத் தோழர்களும் துணை நின்றனர். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 54 பேர் மாண்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்றது. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சீருடை அணிந்தவனுக்கும் செய்த செயலுக்குப் பொறுப்பு உண்டு!

இது அதிகாரிகளுக்கு மட்டும் பாடமா? நமக்கும்தான். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று முழங்குகிறோம். நடுவிலுள்ள கண்ணியத்தைக் கழற்றிவிட்டால், மிஞ்சும் கட்டுப்பாடு வெறும் கைவிலங்கு. தலைவன் சொன்னாலும், மேலதிகாரி சொன்னாலும், ஏழையை நசுக்கச் சொன்னால் 'மாட்டேன்' என்று ஒருவன் சொல்லட்டும். அந்த முதல் குரல் நம்முடையதாக இருக்கட்டும்!