பவர் கார்டும் தம்புராவும்: கர்நாடக சங்கீதம் மெட்டலோடு எங்கே ஒட்டுகிறது?

ஹெவி மெட்டலைப் பற்றிப் பேச்செடுத்தால், எங்க ஆய்க்குடிப் பக்கம் "அது வெறும் சத்தம்லா" என்று முடித்துவிடுவார்கள். கோயில் திருவிழாவில் நாயனத்துக்கும் தவிலுக்கும் பக்கத்தில் நின்று கேட்டவர்கள் சத்தத்தைக் குறை சொல்லக் கூடாது! ஆனால் இரண்டும் ஒட்டுகிற இடம் சத்தம் இல்லை, வேற இடம்.

முதல்ல சுருதி. மெட்டல் கிதாரின் அடிப்படை பவர் கார்டு. அதில் சட்ஜம், பஞ்சமம் இரண்டு ஸ்வரம்தான். காந்தாரம் கிடையாது. காரணம் டிஸ்டார்ஷன். அது ஒலியை நசுக்கும்போது, இரண்டு ஸ்வரங்களின் அதிர்வெண் வித்தியாசமும் தனி ஒலியாக முளைக்கும். ச 200 ஹெர்ட்ஸ், ப 300 ஹெர்ட்ஸ் என்றால் முளைப்பது 100. அதாவது அதே ச, ஒரு ஸ்தாயி கீழே. அந்தக் கனம் அங்கிருந்துதான் வருது. காந்தாரத்தையும் சேர்த்தால் முளைப்பவை ஒன்றோடொன்று மோதிக் குழம்பும்.

தம்புராவை நினைச்சுப் பாருங்க. அதுவும் பெரும்பாலும் ச, ப தான். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும். மேஜர், மைனர் கார்டுகளிலோ காந்தாரம் அசையாமல் நிற்கும். சேர்த்து வாசித்தால் சண்டைதான். பவர் கார்டு காந்தாரத்தைத் தொடுவதே இல்லை. ஆதார சட்ஜத்திலேயே நிற்கும்வரை, ராகம் பாடுகிறவருக்கு அது வழிவிடுகிறது.

அடுத்து கணக்கு. ஆதி தாளம், எட்டு அட்சரம், அட்சரத்துக்கு 4 மாத்திரை: மொத்தம் 32. இதில் "தகதிமி தகிட" என்று 7 மாத்திரைச் சொல்லைப் போடுவோம். நாலு தடவைக்கு 28, மீதி 4. சுவீடனின் மெஷுகா மாதிரி மெட்டல் குழுக்கள் ஐந்தாவது தடவையை ஆரம்பித்து, பாதியில் வெட்டிவிட்டு முதலுக்குத் திரும்பும். நம்ம மிருதங்கக்காரரோ மூன்று தடவைக்கான 21-ஐ முதலிலேயே கழித்து, 11 மாத்திரை தள்ளி ஆரம்பிப்பார். முடிந்ததும் சமத்தில் வந்து நிற்கும். மிச்சத்தை அவர்கள் கடைசியில் வெட்டுகிறார்கள், இவர்கள் முதலிலேயே கழிக்கிறார்கள்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 2007-ல் சுவீடன் பாஸ் கலைஞர் யோனாஸ் ஹெல்போரி 'ஆர்ட் மெட்டல்' என்ற ஆல்பம் கொண்டுவந்தார். அதில் கிதார் மத்தியாஸ் எக்லுண்ட், கஞ்சிரா நம்ம வி. செல்வகணேஷ். 1970-களில் ஜான் மெக்லாக்லினின் சக்தி குழுவில் கடம் வாசித்த விக்கு விநாயக்ராமின் மகன். இப்போது பெங்களூரின் புராஜெக்ட் மிஸ்ரம் குழு, வயலினையும் புல்லாங்குழலையும் மெட்டல் கிதாரோடு சேர்த்து வாசிக்கிறது.

இழப்பும் இருக்கு. டிஸ்டார்ஷன் மெல்லிய ஒலியையும் பெரிய ஒலியையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். கமகத்தில் ஒரு ஸ்வரத்தைத் தொட்டும் தொடாமலும் போகிற நுணுக்கம் அந்தச் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும். கஞ்சிராவின் மென்மையான சொற்களை டிரம்ஸ் விழுங்கிவிடும். அதனால் யார் எப்போது அடங்கி வாசிப்பது என்பதுதான் இந்தக் கூட்டணியின் உண்மையான பிரச்சினை.

ஒரு ஃப்யூஷன் பாட்டு கேட்கும்போது நான் இரண்டைத்தான் கவனிப்பேன். பாடகர் காந்தாரத்தை அசைக்கும்போது கிதார் என்ன பண்ணுது? கோர்வை முடியும் இடம் டிரம்ஸ்காரருக்குத் தெரியுதா? இரண்டும் சரியாக இருந்தால் அது சேர்ந்து உருவான இசை. இல்லைன்னா கீர்த்தனைக்குப் பின்னால் கிதார் ஓடுது, அவ்வளவுதான்.