சென்ற் அல்பன்ஸ் மடத்தின் பெருவாயில்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

புராதன கட்டடமொன்றைப் பாதுகாப்பதற்கு அதன் தொன்மையே போதிய நியாயமெனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆயின், பழையன யாவும் எஞ்சுவதில்லை. எஞ்சியது ஏன் எஞ்சியது என்னும் வினாவை எழுப்பும்போதே அதன் சமூக வரலாறு புலனாகத் தொடங்குகிறது. இங்கிலாந்தில், இலண்டனுக்கு வடக்கேயுள்ள சென்ற் அல்பன்ஸ் நகரின் பெனடிக்ற் சபை மடத்துப் பெருவாயிலை இந்நோக்கில் ஆராய்வோம்.

இவ்வாயிற் கட்டடம் 1360களில், தோமஸ் டி லா மாரே மடாதிபதியாயிருந்த காலத்தில் எழுந்தது. மடத்தின் சிறையும் இதனுள்ளேயே இருந்தது. மடம் வழிபாட்டிடம் மாத்திரமன்று; நகரின் நிலப்பிரபுவும் அதுவே. மக்கள் தம் தானியத்தை மடத்துக்குரிய ஆலையிலேயே கட்டணம் செலுத்தி அரைத்தல் வேண்டும் என அது வற்புறுத்தியது. 1327 முதல் 1336 வரை மடாதிபதியாயிருந்த வொலிங்போட் றிச்சாட், மக்களின் கைத்திரிகைகளைப் பறித்து மடத்தின் தளத்திற் பதிப்பித்தார்.

1381 ஆம் ஆண்டின் உழவர் கிளர்ச்சியின்போது வில்லியம் கிறின்ட்கொப் தலைமையில் மக்கள் மடத்துட் புகுந்தனர். சிறையைத் திறந்து கைதிகளை விடுவித்தனர். தளத்தைப் பெயர்த்துத் திரிகைக் கற்களை உடைத்து, ஆலயத்தில் வழங்கப்படும் ஆசீர்வதித்த அப்பத்தைப் போலத் தம்முட் பகிர்ந்துகொண்டனர். இச்செய்தியை எழுதிவைத்த தோமஸ் வோல்சிங்கம் அம்மடத்துத் துறவி, கிளர்ச்சியாளரை வெறுத்தவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மக்கள் பெற்ற உரிமைச் சாசனம் விரைவிலேயே பறிபோயிற்று. அவ்வாண்டு யூலையில் கிறின்ட்கொப்பும், கிளர்ச்சியின் போதகரான யோன் போலும் அந்நகரிலேயே கொல்லப்பட்டனர்.

1539இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் கலைக்கப்பட்டது. 1553இல் நகர மக்கள் மடாலயத்தை 400 பவுணுக்கு வாங்கித் தம் பங்குக் கோயிலாக்கினர். ஏனைய கட்டடங்கள் பெரும்பாலும் அழிந்தன. பெருவாயிலோ 19ஆம் நூற்றாண்டு வரை சிறையாகப் பயன்பட்டமையால் நிலைத்தது. 1871இல் பாடசாலையின் உடைமையாயிற்று. அதனைக் காத்தது கலையார்வமன்று, அதிகாரத்தின் தேவையே எனலாம்.

இன்று அது முதலாந்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அனுமதியின்றி அதனை இடிக்கவோ, அதன் இயல்பு கெட மாற்றவோ இயலாது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், சட்டம் காப்பது சிறையிருந்த வாயிலை. உடைத்துப் பகிரப்பட்ட திரிகைகளுக்குப் பட்டியலில் இடமில்லை. ஆதலால், வாயிலைப் பற்றி எழுதும்போதெல்லாம் அத்திரிகைகளையும் சேர்த்தெழுதுவது நம் போன்ற வரலாற்று மாணவரின் கடமையாகும்.